தலைவி கடைசியில்தான் ஏறுவாள்

சேரம்பாடி,
4.1.2026, ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை வேலாமணிக்கு,

இசக்கியம்மா அக்கா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் கை போகிறது, முட்டிதான் சம்மதிக்க மாட்டேன் என்கிறது. நேற்று மேட்டில் ஏறி இறங்கியதில் இடது காலை மடக்க முடியவில்லை. வெந்நீர்ப் பையைக் காலில் வைத்துக்கொண்டு, மடியில் பரீட்சை அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஊட்டியில் உறைபனி விழ ஆரம்பித்துவிட்டதாமே. காந்தலில் நீ பிடித்திருக்கும் வீடு பள்ளத்தில் இருக்கிறது என்றாய். குளிர் அங்கேதான் வந்து தங்கும். ரேகாவுக்கு இருமல் நின்றதா? தைலம் தேய்த்துவிடு. விடியற்காலையில் எழுப்பி ஓடவிடாதே, விளையாட்டு டீச்சருக்கு மகளாகப் பிறந்ததைத் தவிர அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது? இங்கே உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. விளையாட்டுப் பீரியடையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் விசில் ஊதினால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். நீ சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்த கோ-கோ மைதானத்தைக் காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருக்கிறது. அதைச் சரிசெய்ய எனக்குத் தெம்பும் இல்லை, மனசும் இல்லை.

போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன வாரம் இரண்டு முறை கூப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? உன் குரலைக் கேட்டதும், சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சிலதை எழுதத்தான் முடிகிறது.

விஷயம் இதுதான். நம் பாலை அணித் தலைவி சரிதா, பொங்கல் முடிந்ததும் திருப்பூருக்குப் போகிறாள். பனியன் கம்பெனி வேலைக்கு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அவளை அனுப்புவது அவள் அம்மா என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அனுப்புவது நான். கோபித்துக்கொள்ளாதே, அதில் உனக்கும் கொஞ்சம் பங்கு இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லித் தீர்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

ஜூன் மாதம் பிள்ளைகளை ஐந்து அணிகளாகப் பிரித்தோமே, குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று. மொத்தம் தொண்ணூற்று ஐந்து பிள்ளைகள், அணிக்குப் பத்தொன்பது பேர். உன் தொப்பியில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுத்தாய். மேலே மூன்றாம் டிவிஷனிலிருந்து ஜீப்பில் வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பத்தொன்பது பேரும் ஐந்து அணியிலும் கலந்து விழுந்தார்கள். நான்தான் குறுக்கே வந்தேன். இவர்களெல்லாம் நாலு மணி ஜீப்பைப் பிடித்து ஒன்றாகப் போகிறவர்கள், ஒரே அணியில் போட்டால் பயிற்சி வைக்க வசதி என்றேன். நீ அப்போதே சொன்னாய், “ஏனுங்க்கா, சீட்டுக் குலுக்குனா குலுக்குனதுதானுங்க. கலந்து கெடந்தாத்தான் ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்குவாங்க” என்று. இருபத்தாறு வருடச் சர்வீஸைச் சொல்லி உன் வாயை அடைத்தேன். சீட்டை மாற்றிப் பத்தொன்பது பேரையும் பாலையில் போட்டு, அந்த அணிக்குப் பொறுப்பாசிரியையாக நானே இருந்துகொண்டேன். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைதானே லயம், கடைவீதிப் பிள்ளைகள் அவர்களை லயத்துப் பிள்ளைகள் என்று சொல்வார்கள். நான் அதற்கு ஒரு கொடியும் பெயரும் கொடுத்துப் பலகையில் எழுதி வைத்தேன், அவ்வளவுதான்.

புள்ளி விதியும் நான் போட்டதுதான். கணக்கு டீச்சர் ஆயிற்றே. மணி அடித்தபின் வந்தால் தலைக்கு ஒரு புள்ளி குறையும். சொல்லாமல் விடுப்பு எடுத்தால் இரண்டு. விடுப்புக் கடிதம் இருந்தால் குறையாது. வராந்தாப் பலகையில் நீ அதைக் கலர் சாக்பீஸால் எழுதினாய். தலைமையாசிரியர் கீர்த்திவாசன் சார் அதைப் போட்டோ எடுத்து எங்கெங்கேயோ அனுப்பினார்.

அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் மனசு கொஞ்சம் குளிர்கிறது, வேலாமணி. அந்தப் பிள்ளைகளை இத்தனை வருடமாகப் பார்க்கிறேன். கேள்வி கேட்டால் எழுந்து நின்று தரையைப் பார்ப்பார்கள். அணி என்று ஒன்று வந்ததும் அவர்களுக்குக் குரல் வந்தது. ஜீப்பில் வரும்போதே வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வருவார்கள், வளைவு திரும்பும் முன்னே பதினேழாம் வாய்ப்பாடு கேட்கும். பழைய வேட்டியைத் தேயிலைத்தூள் போட்டுக் கொதிக்கவைத்துச் சாயம் ஏற்றிக் கொடி செய்து வந்தார்களே. மற்ற நான்கு அணிக்கும் கடையில் வாங்கிய துணி. இவர்கள் கொடியில் மட்டும் மழை பட்டால் டீ வாசம் வரும். ஆகஸ்டில் பாலைதான் முதலிடம். அன்று சரிதா பலகை முன்னால் நின்று அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள். அழிந்துவிடும், தொடாதே என்று அதட்டினேன். எனக்கு எப்போதும் இப்படி ஏதாவது வாயில் வந்துவிடுகிறது.

தலைவி என்று அவளைத் தேர்ந்தெடுத்தது நீ. அன்று மைதானத்தில் ஐந்து தலைவிகளையும் நிற்கவைத்து என்ன சொன்னாய்? தலைவி கடைசியாகத்தான் தண்ணீர் குடிக்கணும், கடைசியாகத்தான் வண்டியில் ஏறணும், தன் அணியில் எல்லாரும் ஏறியாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் தன்னை நினைக்கணும் என்றாய். நல்ல வார்த்தைதான். நானும் தலையாட்டினேன். மற்ற நான்கு தலைவிகளும் அதை அன்று சாயங்காலமே மறந்துவிட்டார்கள். சரிதா மறக்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் உனக்கு மாறுதல் உத்தரவு வந்தது, நீ போனாய். செப்டம்பரில் யானைகள் வந்தன.

உனக்குத் தெரியும், மூன்றாம் டிவிஷனுக்கு ஜீப் இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் பதினொரு பிள்ளைகள், அடுத்ததில் எட்டு. ரோட்டோரம் யானை நின்றால் வனக் காவலர்கள் விடுகிறவரை டிரைவர் வசந்தகுமார் வண்டியை எடுக்க முடியாது. எடுக்கும்போது எட்டரை ஆகிவிடும். அப்போது முதல் நடைதான் மணிக்குள் வந்து சேரும், இரண்டாம் நடை வராது. ஒரு யானை நாளுக்கு எட்டுப் புள்ளி. செப்டம்பர் முடிவதற்குள் பாலை ஐந்தாம் இடத்துக்கு வந்துவிட்டது. மற்றவர்கள் யானை அணி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சரிதா ஆசிரியர் அறைக்கு வந்து, வாசலிலேயே நின்று, “டீச்சர், யானை நின்னா நாங்க என்னங்க பண்றது? அந்த ஒரு நாளைக்கு மட்டும் கொறைக்காம இருக்க முடியுங்களா?” என்று கேட்டாள். எனக்குத் தலைக்கு மேல் வேலை. வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் வேலை ஒரு பக்கம், ஐந்து வகுப்புக் கணக்கு ஒரு பக்கம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எல்லா அணிக்கும் ஒரே விதிதான், யோசித்து வழி கண்டுபிடிப்பதுதான் தலைவியின் வேலை என்று சொல்லி அனுப்பினேன். சரிங்க டீச்சர் என்று போனாள்.

வழி கண்டுபிடித்துவிட்டாள்.

அக்டோபரிலிருந்து பாலைக்குத் தாமதப் புள்ளி குறையவே இல்லை. நான் பூரித்துப்போனேன். பார்த்தீர்களா, கண்டித்தால் பிள்ளைகள் திருந்துகிறார்கள் என்று கீர்த்திவாசன் சாரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். டிசம்பரில் பாலை இரண்டாம் இடத்துக்கு ஏறியது. விடுப்புக் கடிதங்கள் என் மேஜைக்கு வரும். எண்ணிப் பார்ப்பேன், குண்டூசி குத்துவேன், இழுப்பறையில் போடுவேன். கடிதம் இருந்தால் புள்ளி குறையாது, பிறகு அதில் படிக்க என்ன இருக்கிறது? மழைக்காலம், காய்ச்சல் காலம் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன்கூட இல்லை. களைப்பு, வேலாமணி. சத்தியமாகக் களைப்புதான். சாயங்காலம் ஆனால் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்கவும் கை வருவதில்லை.

அரையாண்டுத் தேர்வில் சரிதா மூன்று பரீட்சை எழுதவில்லை. விடுமுறையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் போடும்போது அவள் பெயருக்கு நேரே மூன்று கட்டம் காலியாக இருந்தது. காரணம் எழுத வேண்டுமே என்று இழுப்பறையைத் திறந்து அவள் கடிதத்தைத் தேடினேன். கட்டு கட்டாக வந்தது. நூற்று அறுபத்தெட்டுக் கடிதம். இருபத்தோரு யானை நாள், நாளைக்கு எட்டு. இரண்டாம் நடைக்கான எட்டுப் பேரையும் வீட்டிலேயே நிறுத்திவிட்டு, விடுப்புக் கடிதங்களை முதல் நடையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள். எல்லாம் ஒரே நோட்டிலிருந்து கிழித்த தாள், ஒரே கையெழுத்து. மற்ற ஏழு பேருக்கும் காய்ச்சல், காய்ச்சல், வயிற்றுவலி, காய்ச்சல். ஏழு பெயரும் நாளுக்கு நாள் மாறுகிறது. யாரும் அடுத்தடுத்து இரண்டு நாள் நிற்காதபடி முறை வைத்திருக்கிறாள். எட்டாவது பெயர் மட்டும் மாறவே இல்லை.

அவளுடைய கடிதத்தில் காய்ச்சல் இல்லை. ஒன்றை அப்படியே எழுதுகிறேன்.

“மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு, ரோட்டில் யானை நிற்கிறது. ஜீப் இரண்டாம் நடை மணி அடிப்பதற்குள் வராது. தாமதமாக வந்தால் என்னால் அணிக்கு ஒரு புள்ளி போகும். ஆகையால் இன்று ஒரு நாள் எனக்கு விடுப்பு தரும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் கீழ்ப்படிந்த மாணவி, ரா. சரிதா, தலைவி, பாலை அணி.”

இருபத்தோரு கடிதத்திலும் இதே உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள். எதையும் மறைக்கவில்லை. நவம்பர் மாதத்துக் கடிதம் ஒன்றின் அடியில், சின்ன எழுத்தில், முக்கோணவியல் நடத்தியபோது நான் இல்லை டீச்சர், இன்னொரு முறை நடத்துவீர்களா என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்கு நடுவில்தான் குண்டூசியைக் குத்தி வைத்திருக்கிறேன்.

அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் வசந்தகுமாரைப் பிடித்துக் கேட்டேன். அவன் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். “உங்களுக்குத் தெரியும்னுதானுங்க டீச்சர் நெனச்சேன். லெட்டர் குடுத்தாச்சுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. எல்லாத்தையும் ஏத்தி உட்டுப்போட்டுக் கதவ நல்லாச் சாத்திட்டு, கையக் காட்டுமுங்க” என்றான்.

நேற்று அவனோடு மேலே போனேன். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து அவர்கள் லயம் வரை ஏற்றம். வேலைக்கு லீவு போட்டு அவள் அம்மா மருதாயி வீட்டில் இருந்தாள். காம்பரா என்று அவர்கள் சொல்லும் ஒற்றை அறைக்குள் என்னை உட்காரவைத்து, பால் இல்லாத சாயத்தண்ணீர் கொடுத்தாள். நான் சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. “பள்ளிக்கூடம் இல்லாத நாள்னு சொல்லிச் சொல்லி புள்ள வீட்டுல இருந்திச்சு டீச்சரம்மா. நான் காலையில பெரட்டுக்குப் போயிருவேன், எனக்கு என்னா வெளங்கும்? பரீட்சைக்கும் போகலன்னதும், படிப்பு ஏறலபோல, மானத்துக்குச் சொல்லாம இருக்குன்னு நெனச்சேன். எங்க அக்கா திருப்பூர்ல இருக்கு. பொங்கலுக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கு” என்றாள். பெரட்டு என்றால் அவர்கள் பேச்சில் காலையில் ஆள் எண்ணும் இடம். இலங்கைத் தோட்டத்திலிருந்து அவள் பெற்றோர் கொண்டுவந்த வார்த்தை. காலையில் அம்மா அங்கே போய் நின்று கணக்குக் கொடுக்க, மகள் இங்கே ஜீப் முன்னால் நின்று கணக்குப் பார்த்திருக்கிறாள்.

சரிதாவிடம் பேசினேன். மெலிந்திருக்கிறாள். கோபமாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது, அப்படி மரியாதையாக நின்றாள். விதியை எடுத்துவிடுகிறேன், வா என்றேன். “இப்ப எடுத்தா, லயத்துப் பிள்ளைகளுக்காக எடுத்தாங்கன்னு சொல்லுவாங்க டீச்சர். அப்பறம் நாங்க ஏறுனதெல்லாம் பொய்யாப் போயிரும்” என்றாள். நீ வராததால்தான் உன் படிப்பு போயிற்று, அணி உனக்கு என்ன தந்தது என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவளோ, பாலை அணியின் ஏழாம் வகுப்பு யுவன் இப்போது மேடையேறிப் பேசுகிறான், அதைப் பார்த்தீர்களா என்று என்னையே கேட்டாள். பார்த்திருக்கிறேன். போன வருடம் வரை அவன் தன் பெயரைச் சொல்லவே திணறுவான்.

கடைசியாக நான் கெஞ்சினேன். தலைவிப் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டாவது வா, முதல் நடையில் ஏறி வா, பரீட்சையை மட்டும் எழுது என்றேன். அதற்கு அவள் சொன்னதைக் கேள். “அது வேலாமணி டீச்சர் குடுத்தது. அவங்க வந்து எடுத்தாத்தான் போகும். நீங்க எடுக்க முடியாது டீச்சர்.” திமிராகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவைக்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னாள்.

எழுந்து வந்துவிட்டேன். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது யார் என்கிறாய்? அவள்தான். ஜீப்பில் என்னை ஏற்றிக் கதவைச் சாத்தினாள். சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள்.

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. பிரார்த்தனைக் கூட்டத்தில் உன் மாதிரியே சீட்டுப் போட்டுக் குலுக்கப் போகிறேன். தொண்ணூற்று ஐந்து சீட்டு, அவள் பெயரையும் சேர்த்து. இந்த முறை யார் எங்கே விழுந்தாலும் கை வைக்க மாட்டேன். நேற்று இறங்கி வந்ததும் கீர்த்திவாசன் சாரைப் போய்ப் பார்த்தேன், அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் இடத்தில் இருக்கிற அணியை வருட நடுவில் ஏன் கலைக்க வேண்டும் என்றார். கடிதக் கட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். நாலைந்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தாமதப் புள்ளி எந்த அணிக்கும் வேண்டாம் என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாலைப் பிள்ளைகள் நாளை அழுவார்கள். பரவாயில்லை, நான் நின்று கேட்டுக்கொள்கிறேன். என் விதியை நான் அழித்துவிடலாம், வேலாமணி. உன் வார்த்தையை அழிக்க என்னால் முடியவில்லை.

அவளுடைய பெரியம்மா மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கூட்டிக்கொண்டு போகிறாள். ஆகவே வருகிற ஞாயிறு, பதினொன்றாம் தேதி, நீ வந்தே ஆக வேண்டும். ஊட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறிக் கூடலூரில் மாறி வந்துவிடு. ரேகாவையும் கூட்டி வா, இங்கே அவ்வளவு குளிர் இல்லை. வசந்தகுமாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மேலே கொண்டுபோய் விடுவான். முட்டி எப்படி இருந்தாலும் நானும் உன்னோடு ஏறி வருவேன். வெளியே நின்றுகொள்கிறேன், நீ மட்டும் பேசு.

அவளுடைய இருபத்தோரு கடிதங்களையும் இதோடு அனுப்புகிறேன். பஸ்ஸில் வரும்போது படி. வந்த அன்றே வாசிக்காமல் விட்டவள் நான், நீயாவது வாசித்துவிட்டு அவள் முன்னால் போய் நில். எனக்கு வகுப்பில் வேலை இருக்கிறது, முக்கோணவியலை முதல் கணக்கிலிருந்து மறுபடி நடத்தப் போகிறேன்.

உன் குழந்தை இருமல் தீர்ந்து, நல்ல உடம்போடு, நன்றாக ஓடி விளையாடட்டும். எந்த வரிசையிலும் அவள் தன்னை மறந்து நிற்காதிருக்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நீ நீளமாக ஒன்றும் பேச வேண்டாம், தங்கை. தலைவி ஒரு நாள் முதலில் ஏறலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வா. நீ சொன்னால் ஏறுவாள்.

எதிர்பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
இசக்கியம்மா